மினிட்ஸ் புத்தகத்தில் அக்காவின் கையெழுத்து

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்நாளில் ஆராதனைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றார்கள். எழுதுகிறேன். நடுவில் என்னைப் பற்றிக் கெட்டதாகவும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா ஆந்திராவில், குடுபல்லிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், நைனாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சித்தூரில் மிஷன் போர்டிங்கில் படித்தார். கல்யாணமான மூன்றாம் வருஷமே மாமாவைப் பறிகொடுத்து, ஒரு தையல் மெஷினோடு வீடு திரும்பினார். அந்த மெஷினை மிதித்துத்தான் என்னைப் பி.ஏ. வரை படிக்க வைத்தார். பஞ்சாயத்தில் பெண் உறுப்பினர் ஒருவர் வேண்டுமென்று வந்தபோது அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கோயிலில் பாடுவதற்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனுஷி என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

எழுபதுகளின் கடைசியில், ஊருக்கு மேற்கே கரடிமலையில் கறுப்புக்கல் வெட்ட ஒரு காண்ட்ராக்டர் வந்தார். மலை முழுக்கக் காடு. எங்கள் ஏரிக்குத் தண்ணீர் தரும் ஓடைகள் இரண்டும் அங்கேதான் பிறக்கின்றன. வெடி வைத்தால் ஓடை என்ன ஆகும், அங்கே இருக்கிற கரடியும் மானும் எங்கே போகும் என்று அக்கா கேட்டார். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். மனுவைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தது நான். தொகுதி எம்.எல்.ஏ. அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "பஞ்சாயத்துல ஒருத்தர் ஒத்துக்கலன்னாலும் போதும்மா, நான் அசெம்ப்ளில பேசறேன். எல்லாரும் ஒத்துக்கினா என் கையில ஒண்ணுமில்ல."

அந்த ஒருத்தர் அக்காதான்.

எங்கள் பஞ்சாயத்தில் கூட்டம் என்று ஒன்று கூடி நான் பார்த்ததில்லை. பியூன் மினிட்ஸ் புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார். கூடினோம், தீர்மானித்தோம் என்று அதில் எழுதியிருக்கும். எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். திருப்பதிக்கு வந்திருந்த மந்திரியிடம் மனுக் கொடுக்க அக்கா போயிருந்த நாளில் அந்தப் புத்தகம் வந்தது. கூடவே பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சும் வந்தார்.

"அக்கா ஊர்ல இல்லிங்களே" என்றேன்.

"தெரிஞ்சிதான் வந்துக்கிறேன். நீ போடு எபநேசரு. அவங்க போட்டா என்ன, நீ போட்டா என்ன? குவாரில டைம்கீப்பர் வேல உனக்குத்தான்."

எனக்கு வேலை இல்லாமல் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் பெயரைத் தெலுங்கில் எழுதினேன். பியூன் என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தை மூடினார்.

உறுப்பினர் அத்தனை பேரும் சம்மதித்துவிட்டார்கள் என்று எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து சேதி வந்தது. மறுநாளே அக்கா சித்தூர் கலெக்டர் ஆபீசில், தான் கையெழுத்தே போடவில்லை என்று முறையிட்டார். விசாரணைக்குத் தேதி வந்ததும், "துணைக்கு வாடா" என்றார். போனேன்.

அதிகாரியின் மேஜைமேல் மினிட்ஸ் புத்தகம் விரித்திருந்தது. பக்கத்திலேயே அக்கா கொண்டுவந்து வைத்த எங்கள் மனு. இரண்டிலும் ஒரே கை. குனிந்து பார்க்கிற யாருக்கும் தெரியும்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று அதிகாரி கேட்டார்.

அக்கா புத்தகத்தைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மெல்ல மனுவை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது வேணாங்க, நான் வாயாலயே சொல்றேன்" என்றார். ஊரே கையெழுத்திட்ட மனு அது. அதற்காக அவர் ஒரு மாதம் நடந்திருந்தார்.

"நான் தமிழ்லதாங்க கையெழுத்துப் போடுவேன். பழைய பக்கமெல்லாம் பாருங்க. இது என்னுதில்ல. அந்த மலைய வெட்ட எனக்குச் சம்மதமில்ல."

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். சர்பஞ்ச் கூரையைப் பார்த்தார். "அப்போ இதைப் போட்டது யாரு?"



"எனக்குத் தெரியலைங்க" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தீர்மானம் செல்லாது, ஊரைக் கூட்டி நேரில் கேளுங்கள் என்று உத்தரவானது. திரும்புகிற பஸ்ஸில் அக்கா ஒரு பன்னைப் பிட்டு என் கையில் வைத்தார். "துன்னு. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ." வேறெதுவும் கேட்கவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. ஆடு மேய்க்கிற பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். எம்.எல்.ஏ. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காண்ட்ராக்டர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். கரடிமலை அப்படியே இருக்கிறது, போன மாதம்கூடப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அக்கா பேனாவை என்னிடம் நீட்டுவார். "நீயே போட்ருடா, உனக்குத்தான் நல்லா வருமே." கண் சரியில்லாததால் சொல்கிறார் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் முகம் சுட்டுவிடும்.

அன்று ஊர்க் கூட்டத்தில் பேசிய பெண்களுக்கும், கடைசி நாட்களில் திருப்பதி ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், ரத்தம் கொடுத்த சபை வாலிபர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்த பியூன் அண்ணனுக்கும்தான். இனி அவர் தாராளமாகச் சொல்லலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதப் படிவம் வந்தது. வழக்கம்போல அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார். "இந்தத் தடவ உம் பேரப் போடுடா" என்றார்.

போட்டேன், அக்கா. இங்கேயும் போடுகிறேன்.

தம்பி,
எபநேசர்