இடுமருந்து வைத்தவள்

குவைத்திலிருந்து திரும்பிய மறுமாதம், நாலு வாய் சோறு தின்றதுமே வயிறு ரொம்பிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கையைக் கழுவினார். கறிக்குழம்பு என்றால் அவருக்கு உயிர். அன்று அதைத் தொடவேயில்லை. எனக்குப் பக்கென்றது. உங்கள் வீட்டில் ஒருவர் தினம் இப்படி எழுந்து போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறுங்கள். நாங்கள் ஏறவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கிற பாலசமுத்திரத்தில் எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் அப்போது குவைத்தில்தான் இருந்தார்கள். அங்கே நன்றாக இருந்தவர் இங்கே வந்து ஏன் இளைக்கிறார்? என் மாமியார் கண்டுபிடித்துவிட்டார்.

"அங்க ஓட்டல்ல துன்னுகினு கல்லு மாரி இருந்தான். இங்க இவ கையால துன்றான், கரைஞ்சிகினே போறான். திரும்பிப் போவக் கூடாதுன்னு மருந்து வச்சிட்டா இவ."

இடுமருந்து (சோற்றில் கலந்து கொடுத்து ஆளை வசப்படுத்துவதாக நம்பப்படும் பொருள்) என்றால் எங்கள் பக்கம் பழி பெண்டாட்டிமேல்தான். போகவேண்டாம் என்று நான் அழுதது உண்மை. அழுதேன், அவ்வளவுதான். அதுவே சாட்சியாகிவிட்டது.

சந்திரகிரிப் பக்கம் மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். கண்ணால் பார்க்கட்டும் என்று என்னையும் இழுத்துப்போனார்கள். அந்த ஆள் பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்து, வயிற்றைக் கீழிருந்து மேலாகப் பிசைந்தார். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. அதில் கையை விட்டு, முடி சுற்றிய உருண்டை ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"மந்து ஒச்சேசிந்தி!" என்றார் தெலுங்கில். மருந்து வந்துவிட்டதாம்.

வாந்தி காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. உள்ளே கசிந்த ரத்தம் அப்படித்தான் வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லோரும் உருண்டையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அதோடு என் கைச்சோறு நின்றது. மாமியார் சமைத்தார். அப்போதும் உடம்பு கரைந்தது. இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மறுபடி மறுபடி கூட்டிப்போய்ப் பிசைய வைத்தார்கள். ஒரு நாள் கொல்லையில் மயங்கி விழுந்த பிறகுதான் திருப்பதி ஆஸ்பத்திரி.

எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். இரைப்பையில் புற்று. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. நான் உருண்டையைப் பற்றிக் கேட்டேன்.

"துன்ற சோறு சில மணி நேரத்துல வயித்தை வுட்டு எறங்கிடும்மா. என்னிக்கோ வச்ச மருந்து மாசக்கணக்கா அங்க உக்காந்திருக்காது. அந்தாளு கையில மறைச்சு வச்சிருந்ததைக் காட்டியிருக்கான். அப்பவே இங்க வந்திருந்தா ஆபரேஷனுக்கு வழி இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

மாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ வச்ச மருந்துதான் இப்போ கட்டியா மாறிடுச்சா சார்?" என்றார். அந்த வாயைக் கிழித்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து, சிறுகுடலுக்கு நேராகக் கஞ்சித் தண்ணீர் விடச் சொன்னார்கள். குழாயைக் கண்டாலே மாமியாருக்கு நடுக்கம். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. முதல் முறை டம்ளரைக் கையில் எடுத்ததும் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."

"டாக்டர் சொன்னது காதுல வுழலியா?"

"வுழுந்துச்சு. நெசம்தான்னு தெரியுது. ஆனாலும் பயமா இருக்குதும்மே."

குடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கையை விட்டார். ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். கடைசி வேளையும்.

என் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் சமைக்கிறேன், நான்தான் தின்கிறேன். முதல் வாய் தொண்டையில் இறங்கியதும் கை தானாக நின்றுவிடுகிறது. எனக்கு ஏதாவது ஆகிறதா என்று கொஞ்ச நேரம் நானே காத்திருக்கிறேன்.