யாசாவில் வெடித்த கடுகு

மலேசியாவின் பூச்சோங்கில் எங்கள் எதிர்வீட்டு அமினாதா செனகல் நாட்டுக்காரி. பிள்ளை பெற்று வீடு திரும்பியவள் தன் ஊர்ச் சமையலான கோழி யாசாவுக்கு ஏங்கினாள்.

"நான் செஞ்சு தரேன் லா. என்னென்ன போடணும்?"

"எலுமிச்சை, வெங்காயம், மஸ்டர்ட்" என்றாள்.

எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காயத்திலும் ஊறிய கோழியைப் பொரித்தெடுத்தேன். பிறகு எண்ணெயில் கடுகை வெடிக்கவிட்டு, வெங்காயத்தைக் கொட்டி வதக்கினேன். கடுகு தாளிக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்?

ஒரு வாய் சாப்பிட்டவள் கடுகை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, நான் சொன்னது பர்கருக்கு ஊத்துற மஞ்சள் சாஸ்!"

"கொடு, வேற செஞ்சு கொண்டாரேன்" என்று தட்டைப் பிடித்தேன். அவள் விடவில்லை.

யாசாவைக் கெடுத்தேன் என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? எதிர்வீட்டில் யாசா சமைக்கும் நாளெல்லாம் இப்போது கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது.