பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் நாத்தனாருக்கு நடந்தது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

சிறுகோள்களில் என்ன கனிமம் இருக்கிறது என்று கண்டறிவது அவள் வேலை. கல்லில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் கோடாக வரைவார்கள். கனிமம் விழுங்கிய நிறத்தில் கோடு பள்ளமாக இறங்கும். மூன்று வருட ஆராய்ச்சியில் பாக்கி ஒரே ஒரு கல். அது பக்கத்தில் வருவது அந்த வாரம்தான். தொலைநோக்கி அவளுக்குக் கிடைத்த மூன்று இரவுகளில் முதல் இரண்டை மேகம் தின்றுவிட்டது. மூன்றாம் இரவு ஒருவழியாக மேகம் விலகியபோது, அவளுக்கு உட்கார்ந்தபடியே கண் சொக்கியது.

தொலைநோக்கியை இயக்குபவரை எல்லோரும் 'டிரைவர்' என்பார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு படம். மூன்று படம் வேண்டும்.

மணி 3:10. முதல் படம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, தொலைநோக்கி நிற்கும் பூட்டிய குவிமாடத்துக்குள், யாரோ இருமினார்கள்.

"கேட்டுச்சாம்மா?" என்றார் டிரைவர்.

"எலியா இருக்கும்."

"எலிக்கு இருமல் வருமா? லைட்டைப் போட்டு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

விளக்கு எரிந்தால் படம் பாழ்.

"வேணாம்ணே. இதை விட்டா எனக்கு வேற ராத்திரி இல்ல."

இரண்டாம் படம். இப்போது மூச்சு... இழுத்து, இழுத்து... உள்ளிருந்து கதவில் நகம் உரசியது. டிரைவர் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

மூன்றாம் படம்.

சத்தம் நின்றிருந்தது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

விடிந்ததும் இருவரும் மேலே போனார்கள். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை. தரைத் தூசியில் ஒரு கால் தடம்கூட இல்லை.

ஆனால் படங்களில் கல்லும் இல்லை. அவளுக்குத் தெரிந்த எந்தக் கனிமத்துக்கும் அந்தப் பள்ளங்கள் பொருந்தவில்லை. முதல் படத்தில், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். அடுத்ததில் அவை நெருங்கியிருந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று.

வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குள் ஒளி பாய்ச்சிச் சோதிப்பது என் வேலை. அந்தக் கோட்டை நான் தினமும் பார்க்கிறேன்.

"இது கல்லு இல்லடி. மனுஷ ரத்தம். ரெண்டு பள்ளம்னா மூச்சு ஓடுது. ஒண்ணாச்சுன்னா... நின்னுடுச்சு."

அவள் மடிக்கணினியை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"லைட்டைப் போட்டிருந்தா பொழைச்சிருப்பாங்களா அண்ணி?"