சலுசலு மாலை

லண்டன் லூயிஷாமில் என் வீட்டுக் கதவில் பிளாஸ்டிக் பூமாலை தொங்குகிறது. மகன் வருவான் என்று மூன்று தீபாவளிக்கு முன் மாட்டியது. பூக்கள் முப்பத்தாறு, ஒன்றிலும் மணமில்லை.

சிறுவயதில், பிஜியில், ஊர் திரும்புகிறவருக்குச் சலுசலு மாலை போட்டால்தான் கொண்டாட்டம். அப்பாவுக்காகப் பக்கத்து வீட்டு லித்தியா அக்கா மஞ்சள் மொகோசோய்ப் பூக்களை நாரில் வைத்துக் கட்டினாள். வீடெல்லாம் மணத்தது. கப்பல் வந்தது, அப்பா வரவில்லை. மாலையை வாசலில் மாட்டித் தண்ணீர் தெளித்தோம். நான்காம் நாள் கருகிய மாலையைக் கழற்றிய அக்கா, அம்மாவிடம், "போதும் தங்கச்சி, இனிமே காத்திருக்காதே" என்றாள். அம்மா அழுதாள். பிறகு உலை வைத்தாள்.

நேற்றும் மகனை அழைத்தேன். "பாக்கலாம்ப்பா, ஷிப்ட் இருக்கு."

பிளாஸ்டிக் வாடாது. நாளைக்குத் தூசி துடைக்க வேண்டும்.