அக்கா எரித்த சான்றிதழ்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அக்கா ஆம்பூரில் நர்ஸாக இருந்தாள். வேலைக்கென்று பம்பாய் போன அவள் கணவரிடமிருந்து கடிதங்கள் நின்றுபோயிருந்தன. இரண்டு பெண் குழந்தைகள். அந்த நிலைமையில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

எங்கள் போதகர் ஒருமுறை வந்து ஜெபித்துவிட்டு, ரொட்டிப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். வேலூர் சத்துவாச்சாரியில் டீச்சராக இருந்த நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வந்தேன். அவளைப் பார்த்துக்கொண்டது, தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கூடிய சின்ன ஜெபக்கூட்டத்துப் பெண்கள்தான். முறை வைத்துச் சமைத்தார்கள், துவைத்தார்கள், பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எழுந்து நடமாடியதும் அக்கா அவர்களோடு சேர்ந்துவிட்டாள்.

நகையைக் கழற்றினாள். எங்கள் தம்பியின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. மருந்து சாப்பிடுவதே பாவம் என்றார்கள் கூட்டத்தார். எல்லோர் முன்னாலும் நர்ஸ் சான்றிதழை எரித்தாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கத்தினேன்.

"அரை மனசா வர்றவங்களச் சேத்துக்கிட்டா, நாளைக்கு நான் படுத்தா எவ வருவா? எல்லாத்தையும் வுட்டவங்கதான்டி ஓடி வருவாங்க. அவங்களுக்கும் வேற போக்கிடம் இல்ல."

மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் தெரிந்தேதான் அந்த விலையைக் கொடுத்தாள்.

டேனரியில் கூலி வேலையும் கூட்டத்துப் பெண்களே வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் ஓடியது. பிறகு சின்னவளுக்கு டைபாய்டு. கூட்டத்தார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். ஐந்தாம் நாள் அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிள்ளை பிழைத்தது. ஆம்பூர் திரும்பியபோது கூட்டத்தில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. வேலையும் போயிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

சான்றிதழின் நகலுக்காக மாதக்கணக்கில் அலைந்தோம். அவள் வெளியே போகும் நாட்களில் பிள்ளைகள் என் பொறுப்பு. டிபன் பாக்ஸ், தலைப்பேன், காய்ச்சல், வீட்டுப்பாடம். மூன்றே வாரத்தில் எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பெண்கள் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டேன்.

"நாங்க போய்டட்டுமா?" என்றாள்.

"சும்மா இரு அக்கா," என்றேன். ஆனால் அதைச் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் கவனித்தாள்.

நகல் கிடைத்த மறுவாரமே வேலூரிலேயே பாகாயத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இரு என்று நான் வற்புறுத்தவில்லை.