மிஞ்சிய ஆக்சிஜன்

மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் தலை நரைத்த மாணவர்கள். பகலெல்லாம் பிழைப்பைப் பார்த்துவிட்டு, விட்ட படிப்பைப் பிடிக்க வருகிறவர்கள். அவர்களுக்கு வேதியியல் சொல்லித்தரும் டீச்சருக்குக் கல்யாணம், குடும்பம் என்று ஒன்றும் அமையவில்லை. இருந்தது ஒரே ஒரு தங்கை. அவளும் நாற்பத்தெட்டு வயதில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நல்ல மனுஷன்தான். அதுதான் டீச்சருக்கு இன்னும் எரிச்சல். ஏதாவது குறை இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கை மட்டும் பழைய பழக்கத்தில் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டது. ஆறிப்போன இரண்டாவது கோப்பையையும் அவளே குடித்துத் தொலைத்தாள்.

"தனியா கெடந்து என்ன பண்ணப் போற? இங்க ஒரு ரூம் சும்மாதான இருக்கு, வந்துரு அக்கா" என்று தங்கை போனில் நச்சரித்தாள். டீச்சர் மேலுக்குப் பிகு பண்ணிக்கொண்டாலும் மனசு அன்றைக்கே பெட்டி கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வந்து தங்கிப் பார்ப்பதாகச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாடம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவது. சமன்பாட்டில் அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். நிறை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. H₂ + O₂ என்று எழுதினால் ஆக்சிஜன் இரண்டு. தண்ணீருக்கு வேண்டியதோ ஒன்று. மிஞ்சியதை என்ன செய்வது? மாணவர்களில் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் எழுந்து வந்து, H₂O-வின் காலடியில் சின்னதாக ஒரு 2 போட்டு H₂O₂ ஆக்கினார்.

"கணக்கு கச்சிதமா இருக்கு. ஆனா குடிச்சா வாய் வெந்துரும்" என்றாள் டீச்சர். வகுப்பே சிரித்தது. "இது தண்ணி இல்லீங்க, முடியை வெளுக்க வைக்கிற சரக்கு. மிஞ்சுனதை உள்ள திணிச்சா பொருளே மாறிரும். இன்னொரு ஜோடி ஹைட்ரஜனைக் கொண்டு வாங்க. ரெண்டு தண்ணியா ஆயிரும்."

தங்கை வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு இரண்டே நாற்காலி. கண்ணாடிக்கடைக்காரர், "நீங்க இதுல உக்காருங்கக்கா" என்று தன்னுடையதைக் கொடுத்துவிட்டு முக்காலியில் ஒடுங்கிக்கொண்டார். கடையில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். டீச்சருக்குப் புரியவில்லை என்று விளக்கப் போய் அந்தச் சிரிப்பும் அடங்கிப்போனது. சாப்பிட்டதும் அவர் ரேடியோவைத் திருகினார். தினமும் இருவரும் சேர்ந்து கத்திப் பாடுவார்களாம். தங்கை ஓடிவந்து அதை நிறுத்தினாள். "வேணாங்க, அக்காவுக்குத் தலைவலி வரும்." அவரும் உடனே எழுந்தார். அதன்பிறகு இருவரும் குசுகுசுவென்றே பேசிக்கொண்டார்கள். டீச்சருக்கு வேன்காரர் போட்ட சின்ன 2 நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டாள். "என் கட்டில் இல்லாம எனக்குத் தூக்கமே வரலைடி."

தங்கை கெஞ்சத்தான் செய்தாள். ஆனாலும், 'அப்பாடா' என்று ஒரு மூச்சு அவளை அறியாமல் அந்தக் கெஞ்சலுக்குள் வந்துவிட்டது. டீச்சருக்கு அதுதான் பொறுக்க முடியாமல் வலித்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை வேன்காரர் சந்தேகத்தோடு காத்திருந்தார். "டீச்சர், அந்த இன்னொரு ஜோடி ஹைட்ரஜன் கெடைக்கலைன்னா, மிஞ்சுன ஆக்சிஜன் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அழிஞ்செல்லாம் போகாது. அது பாட்டுக்கு அப்படியே இருக்கும்."

"அப்ப அதைச் சமன்பாட்டுல எங்க எழுதுறது?"

டீச்சர் சாக்பீஸை மேஜையில் வைத்தாள். "எழுத மாட்டோம். சேர்ந்ததை மட்டுந்தான் எழுதுவோம்."

அவர் தலையாட்டிவிட்டு, 'மிஞ்சினதை எழுத வேண்டாம்' என்று நோட்டில் எழுதி அவளிடம் நீட்டினார். டீச்சர் படித்துப் பார்த்து, பக்கத்தில் 'சரி' போட்டுக் கொடுத்தாள்.