ஹம்தான் மாற்றிய முன்சக்கரம்

தென்காசியில் லேத் பட்டறை வைத்திருந்த ஹம்தானுக்கு, வாப்பா விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் மேல் அப்படியொரு பைத்தியம். அறுபதுகளில் வந்த வண்டி. அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்று ஊரெல்லாம் சண்டை பிடித்த ஆள், கடைசியில் முன்பக்கத்தையே கழற்றிப் போட்டான் என்றால் அதற்குக் காரணம் அவன் மனைவி நிலோபர்.

கல்யாணமான புதுசு. சீசன் நேரம். ஐந்தருவியில் குளித்துவிட்டு இருவரும் திரும்பும்போது ரோட்டில் கரண்டைக்கால் அளவு தண்ணீர். ஈரம் புகுந்த டிரம் பிரேக், அழுத்த அழுத்தப் பிடிக்கவில்லை. எதிரே நின்ற வேனில் மோதாமல் வளைத்தான், வண்டி சரிந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை. நிலோபருக்கு மோவாயில் தையல், முழங்காலில் கட்டு. அதன்பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவேயில்லை.

கட்டுப் பிரிப்பதற்குள் ஹம்தான் வேலையில் இறங்கிவிட்டான். புது வண்டி ஒன்றின் முன்ஃபோர்க்கையும், டிஸ்க் பிரேக் வைத்த சக்கரத்தையும் வாங்கி வந்தான். பழைய வண்டியின் கழுத்துக்குள் அது லேசில் நுழைந்துவிடுமா? தண்டு குட்டை, ஹேண்டில் திரும்புவதற்கான கோன் செட் சேரவில்லை. தானே புதுத் தண்டு கடைந்து, சக்கரம் நடுவில் நிற்க புஷ் கடைந்து, கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டி, ஒருவழியாக நிறுத்தினான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கிழவனுக்கு ஜீன்ஸ் மாட்டின மாதிரி இருக்கிறதாம்! இருக்கட்டுமே. மழையிலும் இரண்டு விரலால் அழுத்தினால் வண்டி நின்றது.

“இனி நீ பயப்படாம ஏறலாம்” என்றான் நிலோபரிடம்.

“நீங்க போயிட்டு வாங்க மச்சான், வந்தப்புறம் ஏறுதேன்” என்றாள். தம்மாமுக்கு வேலை விசா வந்து அவன் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

அங்கே போனபின் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்து வீடியோ கால். தம்பி முகம்மது ஆசிக் கிக்கரை மிதிப்பான். நிலோபர் போனைப் பிடித்திருப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் ஹம்தானுக்குச் சோறு இறங்கும். ஒருநாள், “முன்னால காட்டுட்டி” என்றான்.

“சைலன்சர் பின்னாலதான இருக்கு? இங்கன பிடிச்சாத்தான் சத்தம் நல்லாக் கேக்கும்” என்றாள்.

அவள் புத்தியை அறையில் இருந்த எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டான், மடையன்.

இந்த ஜூனில் ஒரேயடியாக ஊர் திரும்பினான். வந்த மறுநாளே நிலோபரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அவள் உடை மாற்றப் போனாள். இவன் வண்டியின் உறையை நீக்கினான். பழைய ஃபோர்க். பழைய சக்கரம். அதே டிரம் பிரேக்.

“இது என்னலே?”

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஆசிக் தலையைச் சொறிந்தான். “சுந்தரபாண்டியபுரத்துல ஒரு சூட்டிங், காக்கா. சூரியகாந்திக் காட்டுக்குள்ள பழைய வண்டி ஓடணும்னாவ. முன்னாலயும் பழசா இருந்தாத்தான் எடுப்பாவளாம். புளியங்குடியில ஒருத்தர்ட்ட இது இருந்துச்சு. நம்மளத குடுத்து மாத்துனேன். திருப்பிக் கேக்கப் போனா, வித்துட்டேங்காரு.”

ஹம்தான் கையை ஓங்கிவிட்டு இறக்கினான். தம்பி என்றைக்குமே விளையாட்டுப் பிள்ளை. நாலு வசவு வைதால் ஆறிவிடும்.

“மதினிக்குத் தெரியாமச் செஞ்சியோ?”

ஆசிக்கின் கண் மதினி இருந்த அறைப் பக்கம் போனது.

அப்போதுதான் ஹம்தானுக்கு அந்த சைலன்சர் பேச்சு ஞாபகம் வந்தது. வாராவாரம் சிரித்துக்கொண்டே, ஒரு சாண்கூட முன்னால் நகராமல் போனைப் பிடித்திருக்கிறாள். யாருக்காக லேத்தில் கண்ணெரிய நின்றானோ, அவளே ஏமாற்றியிருக்கிறாள்.

நிலோபர் கிளம்பி வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“சொன்னா அங்கன கெடந்து மருகுவியன்னுதான் சொல்லல மச்சான். வாங்க, போவோம். இன்னைக்கு நா ஏறுதேன்.”

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஹம்தான் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

“நீ ஏறுவட்டி. நா இனி எத நம்பி ஒன்னக் கூட்டிட்டுப் போவேன்?”